அக்கா தைத்த வார்

உங்கள் கைப்பையின் வார், வளையத்துக்குக் கீழே விட்டுக்கொண்டு வருகிறது, மேடம். நீங்கள் உள்ளே வந்து பையை மேஜைமேல் வைத்தபோதே கவனித்தேன். மெஷின் தையல். மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். கைத்தையல் அப்படி இல்லை. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக வாங்குவோம். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது தன் இடத்தில் நிற்கும். சரிசெய்யும்வரை பையில் கனமாக எதுவும் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் உங்கள் பைக்கும் நடுவே இவ்வளவு பெரிய மேஜை இருக்கிறது. ஜன்னலும் உங்கள் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் என் கண்ணில் அடிக்கிறது. இருந்தும் எனக்குத் தெரிந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

காலையில் நீங்கள் என்னிடம் மரியாதையாகவே பேசினீர்கள். "உங்க தம்பியே சொல்லிட்டாரும்மா. அக்காவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிப்போச்சு, தெரியாம தைச்சுட்டாங்க, அவங்களை ஒண்ணும் பண்ணாதீங்கன்னு. அதையே எழுதிக்கிறோம். நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றீர்கள். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு சுலபமாக வழி பிறக்காது என்று எனக்குத் தெரியும். நன்றி இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நடந்தது அது இல்லை.

நடந்ததில் உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் தம்பி இடுப்பில் கட்டிக்கொண்டு உயரத்தில் வேலை செய்த தோல்வார், நான் தைத்துக்கொடுத்த இடத்தில் கிழிந்தது. அவன் விழுந்தான். அந்த வாரின் இரண்டு துண்டுகளும் இதோ உங்கள் முன்னால் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன. மீதியை நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் பட்டறை. அப்பா வைத்தது. கிழிந்த தோலைத் தைத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. புதிதாக எதுவும் செய்வதில்லை. பை, பெட்டி, சோபா, வண்டி சீட் என்று கிழிந்தது எதுவானாலும் எங்களிடம் வரும். "தைச்சது தெரியவே கூடாது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்ப வாங்க வரும்போது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தைச்சீங்களா இல்லையா, எங்க தைச்சீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். ஒருவர் நான் வேறு பையை மாற்றிக் கொடுத்துவிட்டதாகவே சாதித்தார். அந்த மாதிரிச் சண்டை வரும் நாட்களில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும்.

தம்பி எனக்கு ரொம்பச் சின்னவன். அவன் பிறந்தபோது எனக்குத் தாவணி கட்டுகிற வயது. அவனைப் பெற்றபின் அம்மா படுத்த படுக்கையானாள், பிறகு எழவே இல்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே தொழில் கற்றுக்கொண்டேன். அவன் முதலில் பேசிய வார்த்தை அக்கா. இதையெல்லாம் தியாகம் என்று சொல்லிக்கொள்கிற ஆள் நான் இல்லை. அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது. எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒருவர் நல்ல மனிதர். "பையனையும் கூட்டிட்டு வந்துருங்க, நான் படிக்க வைக்கிறேன்" என்றுகூடச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அங்கே போனால் அவன் அவருடைய பையனாகவும் ஆகிவிடுவான் அல்லவா.

சின்ன வயதில் ஒருமுறை பந்து எடுக்கக் கூரைமேல் ஏறி, இறங்கும்போது ஏணியோடு சாய்ந்து விழுந்தான். கால் எலும்பு முறிந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். கை வழுக்கிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன், அப்பாவும் திட்டவில்லை. கால் கூடும்வரை பட்டறையிலேயே என் பக்கத்தில் பாயில் கிடந்தான். நான் தைப்பேன், அவன் நூலுக்கு மெழுகு தடவித் தருவான். அக்கா தண்ணி, அக்கா முதுகு சொறியுது, அக்கா அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லு. ராத்திரி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அந்த மாதங்களைப் போல எனக்கு அப்புறம் எதுவும் வாய்க்கவில்லை. கட்டு பிரித்த அன்றே தெருவுக்கு ஓடிவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவனானதும் பட்டறையில் உட்கார அவனுக்குப் பிடிக்கவில்லை. குனிந்துகொண்டே இருக்கிற வேலை, கழுத்து வலிக்கிறது என்றான். விளம்பரப் பலகை மாட்டுகிற கடையில் சேர்ந்தான். கடை வாசலில் சின்னதாகப் பெயர்ப்பலகை மாட்டுவதும் அவர்கள்தான், நாற்சந்தியில் வானத்தைத் தொடுகிற மாதிரிப் பலகை ஏற்றுவதும் அவர்கள்தான். கூட வேலை செய்கிறவனை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஆள் என் தோள் உயரம்கூட இருக்கமாட்டான். இவர்கள் இருவரும் இரும்புக் கம்பத்தில் ஏறி, இடுப்புவாரைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டு வளையத்தில் மாட்டிக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் வேலை செய்வார்கள். உடம்பின் முழுப் பாரமும் அந்த வாரில்தான் இருக்கும்.

தம்பியின் வார் அப்பா செய்தது. அப்பா புதிதாகச் செய்த ஒரே பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். அவ்வப்போது அதை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பான். நான் எண்ணெய் போட்டுத் துடைத்து, தையலையெல்லாம் விரலால் தடவிப் பார்த்துக் கொடுப்பேன். அந்த நேரம் என் எதிரில் முக்காலியில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். கல்யாணம் ஆன பிறகு அவன் என் எதிரில் உட்கார்ந்தது அந்த வேளையில் மட்டும்தான்.

அவன் பெண்டாட்டி சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். காலர் தைப்பாள். நல்ல பெண், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்பாள். உடம்பு சரியில்லை என்றால் என் காலைக்கூடப் பிடித்துவிடுவாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும்.

வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருநாள் இருவரும் சேர்ந்து வந்து சொன்னார்கள். வீடு கொடுக்கிறார்களாம். இடுப்புவார், தலைக்கவசம், கையுறை, எல்லாம் கம்பெனியே கொடுக்குமாம். வார் என்றால் தோல் இல்லை, நைலான்.

"அக்கா, நீயும் வந்துரு. வீடு சின்னதுதான், சமாளிச்சுக்கலாம்" என்றான்.

"பட்டறையைப் போட்டுட்டு நான் எங்கடா வர்றது" என்றேன்.

"சரிக்கா. உன் இஷ்டம்."

அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்கவில்லை. யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால்கூட வேண்டாம் என்றதும் இன்னொரு தடவை கேட்பது மனிதர்களுக்கு வழக்கம். என் வாயில் பதில் தயாராக இருந்தது. அவன் அதற்குள் பெட்டி எத்தனை, எதை விட்டுப்போவது என்று அவளோடு பேச ஆரம்பித்துவிட்டான். நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன்.

அவர்கள் கிளம்பவிருந்த வாரத்தில்தான் வார் கிழிந்தது. அது தானாகக் கிழிந்தது, மேடம், அதில் என் கை இல்லை. வளையம் கோர்த்த மடிப்பில், பாதி அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து என் மடியில் போட்டான்.

"கடைசித் தடவைக்கா. இந்த வாரம் மட்டும் தாங்கினாப் போதும். அப்புறம் இதைத் தூக்கிப் போட்டுடலாம்."

அவன் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. ஒரு பழைய வாரைப் பற்றிச் சொன்னான். எனக்குத்தான் அன்று முழுக்க அந்தப் பேச்சு காதிலேயே நின்றது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். துணிக்கும் தோலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. துணியில் ஊசி நுழைந்தால் இழைகள் விலகி வழிவிடும்; ஊசி போனதும் கூடிக்கொள்ளும். அதனால் துணியில் நெருக்கமாகத் தைத்தால் உறுதி. தோலில் குத்தூசி போட்ட துளை போட்டதுதான், மூடாது. துளைகளை நெருக்க நெருக்க, நடுவில் நிற்கிற தோல் குறைந்துகொண்டே போகும். தபால்தலைகளைக் கிழிப்பதற்கென்றே வரிசையாகத் துளை போட்டு வைத்திருப்பார்கள் அல்லவா, அதே கதைதான். நீளவாக்கில் போட்டாலாவது பரவாயில்லை. வாருக்குக் குறுக்கே போட்டால், இழுக்கிற பாரம் முழுவதும் அந்த ஒரே வரிசையில் வந்து விழும். பாரம் தாங்குகிற வாரில் குறுக்குத் தையல் போடக்கூடாது. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது இது. கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த தோலை அடியில் கொடுத்து, இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில், இடம் விட்டு இடம் விட்டுத் தைக்க வேண்டும். அந்தத் தடித்த தோல் என் பெட்டியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆள் அனுப்பிப் பார்க்கலாம்.

நான் எடுத்தது பைகளுக்கு உள்பக்கம் வைக்கிற மெல்லிய தோல். அதைக் கிழிசலின்மேல் வைத்து ஒட்டி, ஓரத்தைச் சீவி, வாருக்குக் குறுக்கே மூன்று வரிசை, காலர் தையல் மாதிரி நெருக்கமாகப் போட்டேன். இவ்வளவு நெருக்கமாகத் துளை போடுவது சாமானிய வேலை இல்லை. குத்தூசி கொஞ்சம் சாய்ந்தால் இரண்டு துளைகள் ஒன்றாகிவிடும். ஒன்றுகூட ஆகவில்லை. முடித்துவிட்டு மேலே நிறம் தடவி, மெழுகு தேய்த்து, துணியால் பளபளவென்று துடைத்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். மறுநாள் காலையில் அவனுக்கு மருந்துக்கடைப் பெயர்ப்பலகை வேலை என்று எனக்குத் தெரியும். தரைத்தளத்துக் கடை. ஏறினால் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். அங்கே வார் விட்டால் கால் போகும், மிஞ்சினால் இடுப்பு. கொஞ்ச மாதம் படுக்கையில் இருக்க வேண்டியிருக்கும். அந்தக் கம்பெனி அதுவரை காத்துக்கொண்டா இருக்கும், வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும். அவள் பகல் முழுக்கக் காலர் தைக்கப் போய்விடுவாள். அவன் முன்னறையில் இருப்பான். நான் தைத்துக்கொண்டிருப்பேன். யோசித்துப் பார்த்தால் இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

காலையில் வாரைக் கொடுத்தேன். அவனும் இந்தப் பட்டறையில் வளர்ந்தவன்தானே. தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தான். அவன் விரல் நின்றது.

"என்னக்கா, இவ்வளவு நெருக்கமாவா? குறுக்கால வேற போட்டிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. எங்க சூப்பர்வைசர் பார்த்தா அண்ணியை உடனே வேலைக்கு எடுத்துக்குவாரு. நெருக்கமா இருந்தாத்தானே உறுதி?"

காலர் தைக்கிறவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வாரைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஆக, உறுதி என்று சொன்னது நான் இல்லை, அவள். அவள் அன்று சும்மா இருந்திருந்தால் அவன் இன்னொரு தடவை கேட்டிருப்பான். கேட்டிருந்தால் நான் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ. இப்போது அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் தடுப்பதில்லை.

மருந்துக்கடையில் வார் விடவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். எதைச் செய்தாலும் என் கை அரைகுறையாகச் செய்யாது. ஒவ்வொரு தையலையும் பழக்கத்தில் இறுக்கிவிட்டிருக்கிறேன். மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். நல்ல பசி. வாரைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"நாற்சந்திப் போர்டுக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. பழசை இறக்கிட்டுப் புதுசு ஏத்தணும். இதோட இந்த ஊரு கணக்கு முடிஞ்சுது."

நாற்சந்திப் பலகை எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷன் வாசலில் நின்றாலே தெரிகிறது.

அந்த நேரத்தில் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? வார் சரியில்லை என்றால் ஏன் என்பான். தைத்தது நான். அவன் முட்டாள் இல்லை, காலையில் விரல் நின்றதே. அதோடு, காலையில் தாங்கியது மாலையிலும் தாங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமாடா?" என்று கேட்டேன்.

"போதும்கா. வயிறு நிறைஞ்சா மேல ஏற முடியாது."

அப்புறம் அவன் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் நெட்டைதான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னான். ஏறுவதற்கு முன்னால் அவன் கேட்டிருக்கிறான், "புதுத் தையலா இருக்கே, என்னோட வாரைப் போட்டுக்கிறியா?" என்று. தம்பி சிரித்திருக்கிறான். "எங்க அக்கா தைச்சதுடா. இதுல யானையைக் கட்டித் தொங்கவிடலாம்" என்று சொல்லிவிட்டு ஏறியிருக்கிறான். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பொய்யழுகை இல்லை. என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவனும் என் முகத்துக்கு எதிரே ஒருநாளும் சொன்னதில்லை.

உயிர் தப்பியது பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனிமேலும் வராது. தோலாக இருந்தால் ஒட்டுப் போட்டுத் தைக்கலாம்.

இப்போது அவன் முன்னறையில்தான் கட்டிலில் கிடக்கிறான். பட்டறைச் சாமான்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தேன். நான் தைக்கிற இடத்திலிருந்து கை நீட்டினால் அவன் தலை எட்டும். ஆனால் நான் நினைத்தபடி இல்லை, மேடம். தண்ணீர் வேண்டுமென்றால் அவளைக் கூப்பிடுகிறான். அவள் வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். அவள் வெளியே போயிருந்தால் வரும்வரை தாகத்தோடு கிடக்கிறான். நான் டம்ளரை வாயருகே கொண்டுபோனால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறான். பேச்சில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். என்னோடுதான் பேசுவதில்லை. உடம்பு அசந்திருக்கிறது, நாளானால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவன் அவளிடம் சொன்னதைக் கேட்டேன். "உங்க அம்மா வீட்டுக்கே போயிடலாம். வண்டி சொல்லு." அவள், "அண்ணியைத் தனியா விட்டுட்டா?" என்றாள். அவன் மறுபடியும், "வண்டி சொல்லு" என்றான்.

இன்று காலையில் நீங்கள் கூப்பிட்டு அனுப்பினீர்கள். பலகைக் கடை முதலாளி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வாரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நீங்கள் தம்பியை விசாரித்தீர்கள். அவன் சொன்னானாம், அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம், விட்டுவிடுங்கள் என்று.

அவன் பொய் சொல்கிறான். என் கண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவன் கண்ணில் இமைமுடி விழுந்து உறுத்தியது. அவள் விளக்கைக் கொண்டுவந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள், கிடைக்கவில்லை. நான் குனிந்து பார்த்து முந்தானை நுனியால் ஒரே ஒற்றில் எடுத்தேன். அப்போது அவன் என்னை நேராகப் பார்த்தான். வீட்டுக்கு வந்தபின் என்னை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே உங்களிடம் அப்படிச் சொல்லி எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான்.

பிச்சை எனக்கு வேண்டாம். வளர்த்தவளுக்கு அவன் திருப்பிக் கொடுக்கிற கடைசிப் பொருள் இதுவா? என்மேல் கோபப்படட்டும், ஊரைக் கூட்டித் திட்டட்டும், கோர்ட்டில் வந்து என் முகத்துக்கு எதிரே நிற்கட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். கண் தெரியாத கிழவி, கை தவறிவிட்டது என்று முத்திரை குத்திவிட்டு வண்டி ஏறிப் போவதை மட்டும் என்னால் தாங்க முடியாது. என் கை ஒருநாளும் தவறியதில்லை, மேடம். ஏணியைப் பிடித்த அன்றுகூடத் தவறவில்லை.

அந்த உறையைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். திறக்க வேண்டாம். மூன்றாவது வரிசையைப் பாருங்கள். கிழிசல் ஒரு துளையையும் விடாமல் நூல் பிடித்த மாதிரிப் போயிருக்கிறது. கண் மங்கியவள் போட்ட துளையாக இருந்தால் கோணல்மாணலாகக் கிழிந்திருக்கும். கொஞ்சம் தோல் நின்றிருக்கும். அவனும் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்திருப்பான், நெட்டை எட்டிப் பிடித்திருப்பான்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன். முன்பு சொன்னதில் ஒரு வரியை அடித்துவிடுங்கள், மாலையிலும் தாங்கும் என்று நானும் நினைத்தேன் என்ற வரியை. அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வார் கதவோரம் ஆணியில் தொங்கியது. நான் நின்றது அடுப்படி வாசலில். நடுவே அறை முழுக்கக் கிடக்கிறது, அங்கே அவ்வளவாக வெளிச்சமும் இல்லை. அங்கிருந்தே பார்த்தேன். மூன்றாவது வரிசையில் துளைக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. ஓரத்தில் ஆரம்பித்து, பாதி அகலத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான், இன்னும் கொஞ்சம் போடட்டுமாடா என்று கேட்டேன்.

கண் மங்கியவளுக்கு அது தெரிந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள். வண்டி வருவதற்கு முன்னால் யாரையாவது வீட்டுக்கு அனுப்பி, இதைத் தம்பியிடம் சொல்லச் சொல்லுங்கள். அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதாம் என்று.